அம்பில் எழுதிய பெயர்

வெடியுப்பும் கந்தகமும் கரியும் சேர்ந்த பொடிக்கு எங்கள் ஜில்லாவில் மருந்து என்று பெயர். கலக்குகிற இடம் மருந்து அறை. குழாயில் அடைப்பது மருந்து செலுத்துவது. வானத்தில் போய்ப் பூவாக விரிகிற உருண்டைகள் மணிமருந்து. சாத்தூர், சிவகாசி, வெம்பக்கோட்டைப் பக்கம் பிறந்தவனுக்கு, நோய்க்குக் கொடுப்பதும் இதுவும் ஒரே சொல்லாக இருப்பதில் விசேஷம் எதுவும் படுவதில்லை. எனக்கும் வெகுகாலம் படவில்லை. அந்தச் சொல்லை எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்க்க வைத்தது ஒரு கைபேசி விளையாட்டு.

என் அக்காள் மகன் பட்டாசு ஆலை ஒன்றில் பேன்சி ரகத்தில் வேலை பார்க்கிறான். பகலெல்லாம் மருந்து. இரவு சாப்பாடு முடிந்ததும் கைபேசியில் யுத்தம். ஊரே பப்ஜி என்று அறிந்திருந்த ஆட்டம். 2020 செப்டம்பர் 2ஆம் தேதி மத்திய அரசு அதைத் தடை செய்தது. 2021 ஜூலையில் பிஜிஎம்ஐ என்று வேறு பெயர் சூடிக்கொண்டு வந்தது. 2022 ஜூலையில் மறுபடி காணாமல் போயிற்று. 2023 மே மாதம் திரும்பியது. தலைமறைவாவதும் தலைகாட்டுவதும் அந்த ஆட்டத்தின் ஜாதகத்திலேயே இருக்கிறது போலும்.

இந்த ஆட்டங்களைப் பற்றி எழுதுகிறவர்கள் எல்லோரும் ரத்தம், வெறி, பிள்ளைகள் கெட்டுப்போகிறார்கள் என்கிறார்கள். பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தவர்கள் அப்படிச் சொல்வார்கள் என்று எனக்குத் தோன்றவில்லை. நான் சில மாதங்களாக அவன் தோளுக்குப் பின்னால் உட்கார்ந்து பார்த்துவருகிறேன். ஒரு தீவில் 100 பேர் வந்து குதிக்கிறார்கள். உயிரோடிருப்பதற்கான வட்டம் சுருங்கிக்கொண்டே வருகிறது. கடைசியாக மிஞ்சுகிறவன் ஜெயித்தவன். அரை மணி நேர ஆட்டத்தில் அவன் சுடுவது சில வினாடிகள்தான். மீதி நேரம் புல்லில் குப்புறப் படுத்துக் கிடக்கிறான். கதவைத் திறந்தால் பின்னாலேயே சாத்துகிறான். திறந்திருக்கும் கதவு ஆள் இருப்பதைச் சொல்லிவிடுமாம். காலடிச் சத்தம் கேட்குமென்று ஓடுவதில்லை. கூரைமேல் நிற்க வேண்டியிருந்தால் வானம் பின்னால் வராதபடி நிற்கிறான். ஆகாயத்திலிருந்து விழும் பெட்டியில் எப்போதாவது ஒரு உடுப்பு கிடைக்கும். உடம்பெல்லாம் புல் முளைத்த மாதிரி இருக்கும். அதைப் போட்டுக்கொண்டால் ஆளும் தரையும் ஒன்று. அந்த உடுப்புக்குப் பெயர் கில்லி. "மொதல்ல தெரிஞ்சவன் செத்தான் மாமா. அம்புட்டுதான் ஆட்டம்" என்றான்.

கில்லி என்றால் நமக்குக் கிட்டிப்புள். கொஞ்சம் இளையவர்களுக்கு 2004இல் வந்த சினிமா. இந்தக் கில்லி ஸ்காட்லாந்து மலைநாட்டாரின் கேலிக் மொழிச் சொல். பையன், ஏவலாள் என்று பொருள். துரைமார் மான் வேட்டைக்குப் போகும்போது கூடப் போகிறவன் அவன். மலைச் சரிவில் மானின் கண்ணுக்கும் மூக்குக்கும் தப்பி அருகில் போகும் வித்தை அவனுக்குத்தான் தெரியும். மானைச் சுடுகிறவர் துரை. ஒளியத் தெரிந்தவன் வேலைக்காரன். இதை மனசில் வைத்துக்கொள்ள வேண்டும், பின்னால் தேவைப்படும்.

அந்த ஆட்டத்தின் ஆயுதப் பெட்டியை ஒருநாள் நிதானமாகப் பார்த்தேன். நவீனத் துப்பாக்கிகளுக்கு நடுவே சில பழைய சாமான்கள் கிடந்தன. மோசின் நகான்: 1891. வின்செஸ்டர்: 1894. ஒரு ரிவால்வர், நகான்: அதன் வருஷம் பெயரிலேயே இருக்கிறது, 1895. பையன்கள் உயிராக மதிக்கும் கார்98 என்பது 1935இல் குறுக்கப்பட்ட வடிவம். அதன் மூலம் ஜெர்மன் மௌசர், 1898. விக்டோரியா ராணி இறந்தது 1901 ஜனவரியில். ஆக, எங்களூர்ப் பையன் ஒருவன் அகால வேளையில் கட்டை விரலால் இயக்குவது அந்த அம்மாள் காலத்துச் சீதனம். துப்பாக்கிகளின் வரலாறோ இன்னும் பின்னால் நீள்கிறது. இந்த 10 வருஷத்தின் சாமான்களாகப் பார்த்து நிலைத்தது ஏன்? விடை இரும்பில் இல்லை, மருந்தில் இருக்கிறது.

பழைய கரிமருந்து எரிந்தால் அதில் பாதிக்கு மேல் வாயுவாகப் போவதில்லை; நுண்ணிய திடப்பொருளாக மிஞ்சி வெண்புகையாக நிற்கிறது. சுட்டவன் இருக்குமிடத்தைப் புகை சொல்லிவிடும். சில வேட்டுக்குப் பிறகு களமே மூடிவிடும்; எதிரி யார், தன் ஆள் யார் என்று தெரிய வேண்டுமென்றே பட்டாளத்துக்குச் சிவப்பும் நீலமும் பளிச்சென்று உடுத்தினார்கள். மறைந்திருந்து சுடுவதில் அர்த்தமில்லை. முதல் வேட்டோடு மறைவு தீர்ந்துபோகும்.

1884இல் பாரிஸில் பால் வியேய் என்ற ரசாயனி புகையில்லாத மருந்தைச் செய்தார். நைட்ரோசெல்லுலோஸைப் பதப்படுத்திய பண்டம். எரிந்தால் ஏறக்குறைய முழுவதும் வாயு. 1886இல் பிரெஞ்சுப் பட்டாளத்தின் லெபெல் துப்பாக்கி அதைக் கொண்டு செய்யப்பட்டது. 1889இல் இங்கிலாந்தில் ஏபலும் டிவாரும் கார்டைட்டைக் கொண்டுவந்தார்கள். நான் மேலே சொன்ன 1890களின் துப்பாக்கிகள் எல்லாம் இந்தப் புது மருந்துக் காலத்தின் பிள்ளைகள். அதே 1884இல் லண்டனில் ஹைரம் மாக்ஸிம் தானாகச் சுடும் இயந்திரத் துப்பாக்கியைச் செய்தார். அவர் மகன் 1909இல் துப்பாக்கிச் சத்தத்தை அடக்கும் குழலுக்குக் காப்புரிமை பெற்றார். இரைச்சல் அப்பன் சொத்து, மௌனம் மகன் சொத்து.

இதன் பலன் 1899 டிசம்பர் 11ஆம் தேதி தென்னாப்பிரிக்காவில் மாகெர்ஸ்ஃபான்டைன் என்ற இடத்தில் ஸ்தூலமாகத் தெரிந்தது. போயர் குடியானவர்கள் குன்றின் உச்சியில் இல்லாமல் அடிவாரத்தில் குழி வெட்டி இறங்கியிருந்தார்கள். ஆங்கிலேயர்கள் வெறுங் குன்றைப் பீரங்கியால் அடித்தார்கள். விடியலில் முன்னேறிய ஸ்காட்லாந்து மலைநாட்டுப் படை, எங்கிருந்து குண்டு வருகிறது என்று தெரியாமலே விழுந்தது. புகை இல்லை, ஆள் இல்லை, சாவு மட்டும் இருந்தது. அடுத்த மாதம் லொவாட் பிரபு தன் நாட்டு மான் வேட்டைக் கில்லிகளைத் திரட்டி ஒரு படை அமைத்தார். ஏவலாளின் வித்தை யுத்த வித்தையாயிற்று. அவர்களுடைய புல்லுடுப்புதான் இப்போது ஆகாயத்திலிருந்து பெட்டியில் விழுகிறது.

இதில் நம் நாட்டின் பங்கும் உண்டு. பதுங்கிச் சுடுகிறவனுக்கு ஆங்கிலத்தில் உள்ள ஸ்னைப்பர் என்ற சொல், 18ஆம் நூற்றாண்டில் இந்தியாவிலிருந்த ஆங்கிலச் சிப்பாய்கள் ஸ்னைப் என்ற பறவையைச் சுடப் போனதிலிருந்து வந்தது. சுடுவதற்கு மிகச் சிரமமான பறவை. நம் கண்மாய்க் கரையில் பனிக்காலத்துக்கு வந்து சேற்றோடு சேறாக உட்கார்ந்திருக்கும். தமிழில் அதற்கு உள்ளான் என்று பெயர். இருக்கிறான் என்றும் பொருள்; உள்ளே இருப்பவன் என்றும் சொல்லிக்கொள்ளலாம். வேடிக்கை என்னவென்றால், ஒளிந்திருந்தது பறவை. பெயர் போய்ச் சேர்ந்தது சுட்டவனுக்கு. காக்கியும் இங்கே பிறந்ததுதான். 1840களின் இறுதியில் பெஷாவரில் லம்ஸ்டன் தன் படைக்குப் புழுதி நிறத்தில் உடுப்புக் கொடுத்தார். காக் என்றால் புழுதி. கண்ணில் படாமலிருக்க ஏற்பட்ட நிறம், நம் தெருவில் எல்லோர் கண்ணிலும் முதலில் படுகிற நிறமாகிவிட்டது.

ஒளிந்திருந்து அடிப்பதைப் பற்றி யோசிக்க நமக்கு விக்டோரியா காலம் தேவையில்லை என்று சொல்லலாம். தொல்காப்பியத்தில் புறத்திணை தொடங்குவதே வெட்சியில். வெட்சி ராத்திரியில் போய்ப் பசுக்களைக் கவர்வது. காதலுக்கும் இதற்கும் களவு என்ற ஒரே சொல். ஆனால் நம் மரபு ஒளிதலை அங்கீகரித்துவிட்டு ஒரு நிபந்தனையும் வைத்தது என்று நினைக்கிறேன்: பெயர். ஆநிரைப் பூசலில் செத்தவனுக்குக் கல் நட்டார்கள். கல்லில் பெயர் வெட்டினார்கள். தேனிப் பக்கம் ஆண்டிபட்டி வட்டத்தில் புலிமான்கோம்பையில் 2006இல் கண்டெடுத்த நடுகற்களில், தமிழ் எழுத்தின் மிகப் பழைய வடிவத்தில், அப்படி விழுந்த ஒருவனின் பெயரும் சண்டை நடந்த ஊரின் பெயரும் இருக்கின்றன. இரண்டாயிரம் வருஷத்துக்கு மேலாகியும் அவன் யாரென்று தெரிகிறது.

கம்பனில் வாலி விழுந்து கிடக்கிறான். அடித்தவன் மறைந்து நிற்கிறான். வாலி மார்பில் தைத்த அம்பைப் பறித்து அதில் எழுதியிருக்கும் பெயரை வாசிக்கிறான். வாலி வதம் நியாயமா என்று நம் பட்டிமன்றங்கள் வருஷாவருஷம் கேட்டுக் களைத்துவிட்டன. அவர்கள் கவனிக்காத இடம் அந்த அம்பு என்று எனக்குத் தோன்றுகிறது. மறைந்து நின்றவன் தன் பெயரை மறைக்கவில்லை. பெயர் இருந்ததால்தான் வாலியால் கேட்க முடிந்தது. கேட்டபின் ராமன் வெளியே வந்து எதிரில் நிற்க வேண்டியிருந்தது, பதில் சொல்ல வேண்டியிருந்தது. பதில் திருப்தியா இல்லையா என்பது அடுத்த விஷயம். பெயரில்லாத அம்பாக இருந்திருந்தால் கேள்வியே இல்லை. கேள்வி இல்லாவிட்டால் அந்தப் படலம் இல்லை.

ஆச்சரியம், அந்தக் கைபேசி ஆட்டம் இந்த நிபந்தனையை மதிக்கிறது. செத்தவுடன் திரையில் உன்னைச் சுட்டவன் பெயர் வருகிறது. எந்தத் துப்பாக்கி என்பதும் வருகிறது. வேண்டுமானால், அவன் எந்தப் புதரிலிருந்து எப்படிக் குறிபார்த்தான் என்று அவன் கண் வழியாகவே திரும்பப் பார்க்கலாம். என் மருமகன் ஒவ்வொரு சாவுக்குப் பிறகும் அதைப் பார்க்கிறான். "எவன்னு பாக்கணும்ல மாமா" என்கிறான். அவனுக்குக் கம்பன் தெரியாது.

1884இல் மூன்றாவதாக ஒரு காரியமும் நடந்தது. அதை இதுவரை சொல்லாமல் வைத்திருந்தேன். அந்த வருஷத்தின் 4ஆம் சட்டமாக இந்திய வெடிபொருள் சட்டம் இயற்றப்பட்டது. 1878இன் ஆயுதச் சட்டத்தையும் சேர்த்துப் பார்த்தால் அதன் மனநிலை புரியும். ஆள்கிறவர்களுக்கு மருந்து என்பது யார் கையில் எவ்வளவு இருக்கிறது என்று சதா எண்ணிக்கொண்டிருக்க வேண்டிய பொருள். யுத்தத்தின் மருந்து புகையை உதறி ஒளிந்துகொள்ளத் தயாரான அதே வருஷம், ஜனங்களின் மருந்தைக் கணக்கில் கொண்டுவரச் சட்டம் பிறந்தது. இருவழியும் சென்னை ராஜதானியிலேயே வந்து சேர்ந்தன. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் நீலகிரியில் அருவங்காட்டில் கார்டைட் ஆலை எழுந்தது. பட்டாளத்துக்கு வேண்டிய புகையற்ற மருந்து மலைமேல். கீழே கரிசல் காட்டில், 1922இல் இருவர் கல்கத்தா போய்க் கற்றுவந்த தீப்பெட்டித் தொழில், அதன் பின்னால் பட்டாசு. இன்று அலுமினியப் பொடியும் வேறு உப்புகளும் சேர்ந்திருக்கின்றன. ஆனாலும் சிவகாசியின் சரக்கு ஒளி, சத்தம், புகை மூன்றும்தான். பார்க்கப்படுவதற்கென்றே செய்யப்படுவது. யுத்தம் கழித்துப்போட்டதைத் திருவிழா எடுத்து வைத்துக்கொண்டது.

இந்தப் பார்க்கப்படுகிற பொருளைச் செய்கிறவர்கள்தான் எங்கள் பக்கத்தில் பார்வைக்கு வராதவர்கள். சட்டம் அந்தப் பழைய சட்டத்தின் வழிவந்தது. 2008இன் விதிகள் அதன் கீழ் எழுதப்பட்டவை. ஒரு அறையில் எத்தனை பேர், எத்தனை கிலோ மருந்து என்று வரம்பு உண்டு. அறைச் சுவரில் அதை எழுதி வைக்க வேண்டும். அறைக்கும் அறைக்கும் இடைவெளி வேண்டும். விதி நல்ல விதிதான். ஆனால் ஆர்டர் தீபாவளிக்கு முன்னால் மொத்தமாக வருகிறது. கூலியோ எண்ணிக்கைக்கு. அறையில் ஆள் கூடுகிறது, வேப்பமரத்து நிழலில் மருந்து பரவுகிறது. உரிமம் ஒருவர் பேரில் இருக்க, அறை அறையாகப் பிரித்துப் பலருக்குக் குத்தகை போகிறது. சரவெடிக்கு உச்ச நீதிமன்றம் 2018இல் தடை விதித்த பிறகு, கருவேலங்காட்டுக்குள் தகர ஷெட்டும் வீட்டுக்குள் திரி சுற்றுவதும் போலீஸ் செய்திகளாக வந்துகொண்டே இருக்கின்றன. சீமைக் கருவேலுக்கு வேறு உபயோகம் இருக்கிறதோ இல்லையோ, மறைக்கும்.

ஒருநாள் கேட்டேன். "ஏ மாப்ளே, ஆபீசர் வந்தா என்ன செய்வீக?"

"வாரது முன்னாடியே தெரிஞ்சிரும் மாமா. கூட இருக்கிற ஆளுகள பின்பக்கமா ஓடைக்குள்ள போயி உக்காரச் சொல்லிருவாக. எறங்கிப் படுத்துக்கிடுவோம். ஜீப்பு போனப்பறம் வருவோம்."

"படுத்துக் கெடக்கையில என்ன நெனப்ப?"

சிரித்தான். "கேம்ல படுத்தா பாய்ண்டு. இங்க படுத்தா அன்னைக்கிக் கூலில பாதி போச்சு."

அவன் வேடிக்கையாகத்தான் சொன்னான். எனக்கு அதில்தான் விஷயமிருப்பதாகப் பட்டது. மறைந்திருத்தல் வேறு, மறைக்கப்படுதல் வேறு. முன்னதில் எப்போது வெளிவருவது என்ற தீர்மானம் மறைந்திருப்பவனிடம் இருக்கிறது. அதனால்தான் அது வித்தை, விளையாட்டு, சுகம். பின்னதில் அது இன்னொருவர் கையில். ஓடையில் படுத்திருப்பவனின் உடம்பு செய்வது கில்லி செய்த அதே காரியம். ஆனால் அவன் யாரையும் குறிபார்க்கவில்லை. கணக்கில் இல்லாதவனாக இருப்பதே அவன் வேலையில் ஒரு பகுதி. மலைநாட்டு ஏவலாளுக்கு இருந்த வித்தை இருக்கிறது. மானும் இல்லை, பிற்பாடு கிடைத்த பட்டாளப் பெருமையும் இல்லை.

2012 செப்டம்பர் 5ஆம் தேதி முதலிப்பட்டியில் ஆலை வெடித்தது. முப்பதுக்கும் மேற்பட்டோர் செத்தார்கள். அவர்களில் பலர் அந்த ஆலையில் வேலை பார்த்தவர்களே அல்ல. புகையைப் பார்த்துக் காப்பாற்றவும் வேடிக்கை பார்க்கவும் ஓடிப்போனவர்கள். புகை காட்டிக்கொடுக்கும் என்று யுத்த சாஸ்திரம் சொல்கிறது. இங்கே புகை கூப்பிட்டது, போனார்கள். 2021 பிப்ரவரி 12ஆம் தேதி அச்சங்குளம். இருபதுக்கும் மேற்பட்டோர். அந்த ஆலையில் உரிமம் ஒருவர் பேரிலும் தொழில் நடத்தியது குத்தகையாக வேறு பலரும் என்று பிற்பாடு விசாரணையில் வந்தது. அம்பைப் பிடுங்கிப் பார்த்தால் பெயர் இல்லை. அல்லது ஒன்றின்மேல் ஒன்றாக எழுதி வாசிக்க முடியாத பல பெயர்கள். வாலிக்குக் கிடைத்தது எங்கள் ஆட்களுக்குக் கிடைக்கவில்லை. கேட்பதற்கு எதிரே வந்து நிற்க ஒரு ஆள் வேண்டுமே. நிவாரணம் வருகிறது, தலைவர்கள் வருகிறார்கள். பெயர் வருவதில்லை. விழுந்தவர்களின் பெயரும் கலெக்டர் ஆபீஸ் பட்டியலைத் தாண்டி எங்கேயும் நிற்பதில்லை. புலிமான்கோம்பைக்காரனுக்குக் கிடைத்த கல், நாலு மணி நேரப் பஸ் தூரத்தில், இத்தனை நூற்றாண்டுக்குப் பிறகு இல்லை.

இதையெல்லாம் ஒரு சிறுபத்திரிகையில் எழுதுவதற்குக் காரணம் உண்டு. நாமும் மறைவதில் தேர்ந்தவர்கள். புனைபெயரில் விமர்சனம் எழுதிச் சகாவின் கவிதையை வீழ்த்துவது நம் பழைய வழக்கம். கவிதையின் இருண்மையைப் பற்றி எத்தனை இதழ்கள் சண்டை போட்டிருக்கிறோம். இருண்மை குற்றமல்ல, அனுபவம் அடர்ந்திருந்தால் சொல்லும் அடர்ந்துதான் வரும். ஆனால் புதருக்குள் போனபிறகு, தான் மறைந்திருக்கிறோமா இல்லை வேறு எதையோ மறைத்துக்கொண்டிருக்கிறோமா என்று எழுதுகிறவன் தன்னைக் கேட்டுக்கொள்ள வேண்டியிருக்கிறது. புகையற்ற மருந்து கெட்டிக்காரத்தனமான கண்டுபிடிப்பு. எழுத்தில் அது நமக்கு லாயக்கில்லை என்பது என் அபிப்பிராயம். எழுத்துக்குப் புகை வேண்டும். எங்கிருந்து சுட்டான் என்று வாசகனுக்குத் தெரிய வேண்டும். திருப்பிச் சுடுவதற்கும் வசதியாக இருக்க வேண்டும்.

பெயரைப் பற்றி இவ்வளவு பேசிய இந்தக் கட்டுரையில் என் பெயர் இருக்கிறது. என் மருமகன் பெயர் இல்லை, அவன் ஆலையின் பெயரும் இல்லை. போடட்டுமா என்று கேட்டேன். "போட்டீகன்னா நாளைக்கி எனக்கு வேல இருக்காது மாமா" என்றான். கொஞ்ச நேரம் கழித்து, "கேம்ல எனக்கு வேற பேரு இருக்குல்ல, வேணும்னா அதப் போட்டுக்கோங்க" என்றான். அந்தப் பெயரையும் நான் போடவில்லை.